இன்டராக்டிவ் மீடியாவுல மெஷின் லேர்னிங் ரிசர்ச் பண்ணப் போறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணாதீங்க

இந்தப் பக்கம் வர்றவங்க பண்ற பெரிய தப்பு, அக்யூரசி நம்பர் பின்னாடியே ஓடுறது, அதாவது உதாரணத்தப் பாத்து கத்துக்கிட்ட மாடல் டெஸ்ட்ல நூத்துக்கு எத்தன சரியா சொல்லுதுங்கிற ஸ்கோர். ரெபெக்கா ஃபீப்ரிங்க் பிரின்ஸ்டன்ல பிஎச்டி பண்ணும்போது 2009ல வெக்கினேட்டர்னு ஒரு சாஃப்ட்வேர் கொண்டுவந்தாங்க, கைய இப்படி வச்சா இந்த சத்தம் அப்படி வச்சா அந்த சத்தம்னு நாம செஞ்சு காட்டினா போதும், கோடு எழுதாமலே அது கத்துக்கும். 2011ல வந்த அவங்க பேப்பர்ல இசையமைப்பாளர்கள், ஸ்டூடண்ட்ஸ், ஒரு செல்லோ கலைஞர்னு மூணு தரப்பையும் பாத்திருக்காங்க. ஆளுங்க டெஸ்ட் ஸ்கோர மட்டும் நம்பல, மாடல ஓடவிட்டு வாசிச்சுப் பாத்துதான் தேறுமா தேறாதான்னு முடிவு பண்ணிருக்காங்க. சரியா வரலன்னா அல்காரிதத்த நோண்டுறதவிட காட்டின உதாரணத்த மாத்துறதுதான் அங்க வேலையே, டேட்டா குடுக்குறதே டிசைன் பண்றதுதான்.

அந்த டெஸ்ட் ஸ்கோரும் பாதி நேரம் பொய்யி. வீடியோ செகண்டுக்கு 30 ஃப்ரேம், பக்கத்து பக்கத்து ஃப்ரேம் ரெண்டும் அச்சு அசலா ஒண்ணுதான், அத கலைச்சுப் போட்டு கத்துக்குடுக்க (டிரெயின்) பாதி, சோதிக்க (டெஸ்ட்) மீதின்னு பிரிச்சா 99 பர்சென்ட் வராம என்ன வரும்? ஆள் வாரியா பிரிங்க, டிரெயினிங்ல இல்லாத ஆள வச்சு டெஸ்ட் பண்ணுங்க. நானும் இதுல மாட்டுனவன்தான். கேமராவுல கை அசைவ பாத்து வேலை செய்யுற ஒரு மாடல, லேப்ல டியூப்லைட் வெளிச்சத்துல டிரெயின் பண்ணி மேடைக்கு எடுத்துட்டுப் போனேன், அங்க செவப்பு லைட்டு, கைய தூக்கினா ஒண்ணுமே நடக்கல, அரை மணி நேரம் அசடு வழிஞ்சதுதான் மிச்சம்.

அடுத்தது லேட்டன்சி, அதாவது நாம அசையுறதுக்கும் பதில் வர்றதுக்கும் நடுவுல ஆகுற தாமதம். இசைக்கருவின்னா கை அசைஞ்சு 10 மில்லிசெகண்டுக்குள்ள சத்தம் வரணும்னு ஒரு கணக்கு இருக்கு, ஆனா 30 ஃப்ரேம் கேமராவுல ஒரு ஃப்ரேம் வர்றதுக்கே 33 மில்லிசெகண்ட் ஆயிடும், அதுக்கப்புறம்தான் உங்க மாடலே வேலைய ஆரம்பிக்கும். பெரிய மாடல் போட்டு அக்யூரசிய ஒரு பர்சென்ட் கூட்டிட்டு டிரம் வாசிக்க முடியாம பண்ணா யாருக்கு லாபம்? சின்ன மாடல், நல்ல சென்சார், அதே போதும்.

கெரியர்னு பாத்தா, கலைய மூட்டைகட்டி வச்சுடாதீங்க. ஃபீப்ரிங்க் காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸோட ஃப்ளூட்டும் படிச்சவங்க, அது இல்லாம வெக்கினேட்டர் வந்திருக்கும்னு எனக்குத் தோணல. பேப்பர எல்லாம் மெஷின் லேர்னிங் கான்ஃபரன்ஸுக்கே அனுப்பி ரிஜக்ட் வாங்கி நொந்துபோறவங்களும் இருக்காங்க. நைம்னு (NIME) புது மாதிரி இசைக்கருவிகளுக்கான ஒரு கான்ஃபரன்ஸ், 2001ல சியாட்டில்ல ஒரு வொர்க்‌ஷாப்பா ஆரம்பிச்சது, அங்க பேப்பரோட டெமோ, கச்சேரி எல்லாத்துக்கும் எடமுண்டு.

அப்புறம், வீடியோ எடுத்து வைங்க ப்ளீஸ். லைப்ரரி அப்டேட் ஆகும், சென்சார் மார்க்கெட்ல இருந்தே காணாமப் போகும், ரெண்டு வருஷம் கழிச்சு இன்டர்வியூல "ஓட்டிக் காட்டுங்க"ன்னு கேக்கும்போது கையில இருக்கப் போறது அந்த மூணு நிமிஷ வீடியோ மட்டும்தான், அதையும் ஷோ முடிஞ்சப்புறம் இல்ல, ஷோ நடக்கும்போதே, ஆளுங்க கையும் ஸ்க்ரீனும் ஒரே ஃப்ரேம்ல தெரியுற மாதிரி எடுங்க.