ஓடூ மாட்யூல் எழுதி விக்கப் போறீங்களா, மொதல்ல லைசென்ஸைப் பாத்துக்கிடுங்க

நம்ம திருநெல்வேலி பக்கம் பசங்க நெறைய பேரு ஓடூ (Odoo, கடையோட பில், கணக்கு, ஸ்டாக்கெல்லாம் பாக்குற சாஃப்ட்வேர்) படிச்சிட்டு கடைகளுக்கு செஞ்சு குடுக்காங்க. டவுன்ல ஒரு நகைக்கடை அண்ணாச்சி செய்கூலி, சேதாரம் தனித்தனியா பில்லுல வரணும்னு கேக்காருன்னு வைங்க, அதை ஒரு மாட்யூலா, அதாவது ஓடூவோட சேத்துப் போடுற துண்டு புரோகிராமா எழுதிட்டா இன்னும் நாலு கடைக்கு விக்கலாமேன்னு தோணும்லா. தாராளமா விக்கலாம். ஓப்பன் சோர்ஸ்னா (சோர்ஸ், அதாவது மூலக் கோடு, தொறந்து கெடக்கிற சாஃப்ட்வேர்) காசு வாங்கக் கூடாதுன்னு சொல்லுதவங்க பேச்ச நம்பாதீங்க, ஜிபிஎல்ங்கிற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்லயே காசுக்கு விக்க தடை கெடையாது. சோர்ஸை மூடி வைக்க முடியுமா, வாங்குனவரு அடுத்தவருக்குக் குடுக்காம தடுக்க முடியுமா, அதுலதான் விஷயமே இருக்கு.

ஓடூ கம்யூனிட்டி, அதாவது ஓடூவோட இலவசப் பதிப்பு, 8ஆம் வெர்ஷன்ல ஏஜிபிஎல் (அதோட சேர்ற கோடையும் அதே லைசென்ஸ்ல தொறந்து குடுக்கச் சொல்லுதது), 2015ல வந்த 9லருந்து எல்ஜிபிஎல் 3 (அதை நம்பி நிக்கிற கோடுக்கு வேற லைசென்ஸ் போட விடுதது). அதனால அதை மட்டும் நம்பி நிக்கிற ஒங்க மாட்யூலுக்கு ஓபிஎல் 1ங்கிற ஓடூவோட சொந்த லைசென்ஸைப் போட்டுக்கிடலாம், வாங்குனவரு ஓட்டலாம், தனக்கு வேணுங்கிறத மாத்திக்கிடலாம், காப்பி எடுத்து விக்க மட்டும் முடியாது.

மாட்டிக்கிடுறது எங்கன்னா டிபெண்ட்ஸ்லதான், அதாவது ஒங்க மாட்யூல் ஓட வேற எந்தெந்த மாட்யூல் வேணும்ங்கிற லிஸ்ட்ல. மாட்யூலோட விவரம் எழுதியிருக்கிற மேனிஃபெஸ்ட் ஃபைலைத் தொறந்து அந்த லிஸ்டைப் பாருங்க. ஓடூ கம்யூனிட்டியிலயே இருக்கிற சேல், அக்கவுண்ட், ஸ்டாக்னு இருந்தா கவலையில்ல. ஓசிஏ (ஓடூ கம்யூனிட்டி அசோசியேஷன்) மாட்யூல் ஏதாவது கெடந்தா அதோட ஃபோல்டருக்குள்ள போயி லைசென்ஸ் வரியப் படிங்க, அங்க நெறைய ஏஜிபிஎல் 3தான். ஒண்ணோட ஃபங்ஷனை ஒண்ணு கூப்புட்டு டேட்டாவப் பகிர்ந்துக்கிட்டா ரெண்டும் சேந்து ஒரே புரோகிராம்னுதான் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் சொல்லுது, அப்போ ஒங்களோடதையும் ஏஜிபிஎல்லாத்தான் குடுக்கணும். அந்த மாட்யூல் இன்னொண்ண இழுக்கும், அது வேறொண்ண இழுக்கும், அடி வரைக்கும் போயிப் பாருங்க. வெளியிலருந்து எடுத்துப் போடுற ரெடிமேட் கோடான பைத்தான் லைப்ரரியையும் விடாதீங்க, பிடிஎஃப் படிக்கப் போடுற பைமியூபிடிஎஃப்கூட ஏஜிபிஎல்தான், வேண்டாம்னா காசு குடுத்து கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கணும். ஓடூவோட காசு பதிப்பான என்டர்பிரைஸ் மாட்யூல் இருந்தா கடைக்காரருக்கு சப்ஸ்கிரிப்ஷன் வேணும்.

ஏஜிபிஎல் இருக்குன்னு தெரிஞ்சா ரெண்டு வழி. அந்த வேலைய அவங்க கோடைப் பாத்து எழுதாம நீங்களே புதுசா எழுதலாம், இல்ல சோர்ஸைத் தொறந்து குடுத்துட்டு இன்ஸ்டால், சப்போர்ட்டுக்குக் காசு வாங்கலாம். என்னயக் கேட்டா ரெண்டாவதுதான் நல்லது, அட்சய திருதியை அன்னைக்கு பில் நின்னா ஓடி வர்ற ஆளுக்குத்தான் அண்ணாச்சி காசு தருவாரு.

மேனிஃபெஸ்ட்ல லைசென்ஸ் வரிய விட்டுட்டா ஓடூ அதை எல்ஜிபிஎல் 3னு எடுத்துக்கிடும், லாகுல, அதாவது ஓடூ எழுதி வைக்கிற பதிவுல, ஒரு வார்னிங் வரும், அவ்வளவுதான். அதனால மறக்காம போடுங்க. அதே கோடை அடுத்த கடைக்கும் விக்கணும்னா, காப்பிரைட் ஒங்களுக்குத்தான்னு மொத கடைக்காரர்கிட்ட வேலைய ஆரம்பிக்கும்போதே எழுதி வாங்கிருங்க.