வகுத்தலில் நின்ற கம்பைலர்: ஃபஸ் சோதனையில் என் அனுபவம்

திறமூல நிரல்மொழி ஒன்றின் கம்பைலரை (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளை) ஏஎஃப்எல்++ என்ற கருவி கொண்டு ஃபஸ் சோதனை செய்தேன்; அதாவது, தாறுமாறான உள்ளீடுகளைத் தானாக உருவாக்கிக் கொடுத்து, எங்கே உடைகிறது என்று பார்த்தேன். ஆனால் தற்செயலான பைட்டுகள் எல்லாம் நிரலின் இலக்கணத்தைப் பார்க்கும் தொடக்கநிலைப் பகுப்பிலேயே தள்ளுபடியாகி, உட்பகுதிகளை எட்டவே இல்லை. எனவே அம்மொழியின் சொந்தச் சோதனைக் கோப்புகளில் சிறியவற்றை விதைகளாக (கருவி மாற்றி மாற்றிப் பார்க்கத் தொடங்கும் உள்ளீடுகளாக) கொடுத்து, அதன் முக்கியச் சொற்களையும் குறியீடுகளையும் அகராதிக் கோப்பாகச் சேர்த்தேன்.

பிறகு கிடைத்த கிராஷ்களில் பெரும்பாலானவை ஒரே பிழையின் மறுபதிப்புகள். ஒன்றைச் சுருக்கிப் பார்த்தபோது எஞ்சியது ஒரே வரி: (-9223372036854775807 - 1) / -1. நிரல் ஓடுவதற்கு முன்பே, மாறிலிகளைக் கணக்கிட்டு வைக்கும் கட்டத்தில், கம்பைலரே நின்றுவிட்டது. 64 பிட் முழு எண்களில் மிகச் சிறியதை -1ஆல் வகுத்தால் விடை அந்த அளவுக்குள் அடங்காது. எக்ஸ்86 வகை (இன்டெல், ஏஎம்டி) சிபியு அதையும் பூச்சியத்தால் வகுப்பதற்கு எழுப்பும் அதே பிழையாகவே எழுப்புகிறது. பூச்சியத்துக்கான சரிபார்ப்பு மட்டும் அங்கே ஏற்கெனவே இருந்தது என்பதுதான் வேடிக்கை.

எல்லை மீறும் கூட்டலும் கழித்தலும் அம்மொழியில் சுற்றி வரும் (மிகப் பெரிய எண்ணைத் தாண்டினால் மிகச் சிறியதிலிருந்து தொடரும்) என்பதால், வகுக்கும் எண் -1 என்றால் வகுக்காமல், குறியற்ற எண்ணாக மாற்றி 0இலிருந்து கழிக்கும்படி திருத்தினேன். மீதி காணும் கணக்கிலும் அதே சிக்கல் இருந்தமையால், அங்கே விடையை நேராக 0 ஆக்கினேன்.