கதிர்த் திருப்பமும் சம இரவும்: தர்மபுரியிலிருந்து ஒரு பகிர்வுக் கேலண்டர் போடுவது எப்படி

ஜூன் 21 நீண்ட பகல், டிசம்பர் 22 நீண்ட இரவு, மார்ச் 21லும் செப்டம்பர் 23லும் பகலும் இரவும் சமம் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்போம். முதல் இரண்டும் கதிர்த் திருப்பம், அதாவது சூரியன் வடக்கு தெற்காக நகர்வது திசை மாறும் நாள்கள்; மற்ற இரண்டும் சம இரவு நாள்கள். அந்த நான்கு தேதிகளையும் போனில் போட்டு, வருடாவருடம் வருமாறு ரிப்பீட் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியாது. இவை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கணத்தில் நடப்பவை, அந்தக் கணம் ஆண்டுக்கு ஆண்டு நகரும். பூமி சூரியனை ஒரு சுற்று சுற்றி முடிக்க 365 நாளும் ஏறக்குறைய 5 மணி 49 நிமிடமும் ஆகிறது. அந்த உபரி நேரம்தான் ஒவ்வொரு வருடமும் தள்ளிக்கொண்டே போய், லீப் ஆண்டு வந்ததும் பின்னால் இழுக்கப்படுகிறது. அதனால் ரிப்பீட் பட்டனைத் தொடவே வேண்டாம்.

முதலில் தனிக் கேலண்டர்

கூகுள் கேலண்டரை வைத்துச் சொல்கிறேன், பெரும்பாலானவர்கள் போனில் ஏற்கெனவே இருப்பது அதுதான். போனைவிட கம்ப்யூட்டர் பிரவுசரில் செய்வது சுலபம். இடது பக்கம் கீழே "அதர் கேலண்டர்ஸ்" என்று இருக்கும், அதன் பக்கத்துக் கூட்டல் குறியை அழுத்தி "கிரியேட் நியூ கேலண்டர்" கொடுங்கள். பெயர் ஏதாவது வையுங்கள், "சூரியன் தர்மபுரி" என்று வைத்தாலும் போதும். டைம் ஸோன் இந்திய நேரமா, அதாவது கொல்கத்தா என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சொந்தக் கேலண்டரிலேயே போட்டுப் பகிர்ந்தால் உங்கள் பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டும் சீட்டுப் பணம் கட்டும் தேதியும் சேர்ந்து ஊர் முழுக்கப் போகும், அதனால்தான் தனியாக.

நேரத்தை ஏற்றுவது

2026க்கு இந்திய நேரப்படி: மார்ச் 20 இரவு 8.16, ஜூன் 21 மதியம் 1.54, செப்டம்பர் 23 விடிகாலை 5.35, டிசம்பர் 22 நள்ளிரவு தாண்டி 2.20. 2027 மார்ச்சுக்கு 21ஆம் தேதி அதிகாலை 1.55, ஜூனுக்கு 21ஆம் தேதி மாலை 7.41. ஒரு தளத்துக்கும் இன்னொன்றுக்கும் ஒரு நிமிடம் முன்பின் இருக்கலாம், அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் உலக நேரத்தில், அதாவது யூடிசியில் இருக்கும். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டிவிட்டுத்தான் நம் தேதியை முடிவு செய்ய வேண்டும். 2026 டிசம்பரையே பாருங்கள்: யூடிசியில் 21ஆம் தேதி இரவு 8.50, நமக்கு அதற்குள் 22 பிறந்துவிடுகிறது.

இதனால்தான் "ஆல் டே" பெட்டியில் டிக் போடக் கூடாது. ஆல் டே என்று போட்டால் அது வெறும் தேதி, எந்த ஊர் நேரமும் அதில் ஒட்டாது. நேரம் குறித்துப் போட்டால், லண்டனில் இருக்கும் சித்தி மகன் போனில் அது தானாகவே 21 இரவு 8.50 என்று காட்டும், துபாயில் இருப்பவருக்கு 22ஆம் தேதி நள்ளிரவு 12.50 என்று காட்டும். பகிர்வுக் கேலண்டர் வைப்பதற்கே இது ஒன்று போதும் என்பேன்.

நம்ம ஊருக்கான நாள்கள்

மேலே சொன்னது உலகத்துக்கே பொது. கேலண்டர் சுவாரசியமாவது உள்ளூர்க் கணக்கைச் சேர்க்கும்போதுதான்.

தர்மபுரி சுமார் 12.1 டிகிரி வடக்கில் இருக்கிறது, கிருஷ்ணகிரி 12.5. அதனால் வருடத்தில் இரண்டு நாள் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வந்து, நட்டுவைத்த குச்சிக்கு நிழலே இருக்காது. தர்மபுரிக்கு ஏப்ரல் 22ம் ஆகஸ்ட் 21ம், கிருஷ்ணகிரிக்கு ஏப்ரல் 23ம் ஆகஸ்ட் 20ம். ஓசூர் இன்னும் வடக்கே இருப்பதால் ஏப்ரலில் 23க்கும் 24க்கும் நடுவே தொங்கும், பெங்களூருவுக்கு 24. சூரியன் வடக்கே ஏறுவதை ஊர் ஊராகப் பின்தொடரலாம். இவற்றை ஒவ்வொன்றாகப் போட்டு, லொகேஷன் பகுதியில் ஊர்ப் பெயரையும் கொடுங்கள்.

உச்சி என்றால் சரியாக 12 மணி இல்லை. நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்துக்கு ஓடுகிறது, நாம் 78.2இல் இருக்கிறோம், அந்த இடைவெளிக்கே 17 நிமிடம் பிந்தும். அதற்கு மேல் பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் ஏறி இறங்கும். மார்ச் 20 வாக்கில் 12.25, ஜூன் 21க்கு 12.19, செப்டம்பர் 23க்கு 12.10, டிசம்பர் 22க்கு 12.16. ஒவ்வொன்றுக்கும் "நிழல் அளக்கவும்" என்று தனி நிகழ்வு போடுங்கள்.

மொட்டை மாடியில் ஒரு மீட்டர் குச்சியை, கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தாக நிறுத்தி அளந்தால் போதும். டிசம்பரில் நிழல் வடக்கே சுமார் 71 செ.மீ. நீளும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் வடக்கே 21 செ.மீ. ஜூனில் கிட்டத்தட்ட அதே அளவு, 20 செ.மீ., ஆனால் தெற்கே! பிள்ளைகளிடம் முன்கூட்டிச் சொல்லாமல் அளக்க விடுங்கள்.

ஜூனில் மேகம் மூடினால் கவலை வேண்டாம், முன்பின் ஒரு வாரம் தள்ளி அளந்தாலும் மூன்று மில்லிமீட்டர்தான் மாறும். சம இரவு நாளில் அப்படி விட முடியாது, ஒரு நாளுக்கே ஏழு மில்லிமீட்டர் நகரும்.

இன்னொரு விஷயம், சம இரவு நாளில் தர்மபுரியில் பகல் சரியாக 12 மணி நேரம் இருக்காது, ஏழு நிமிடம் கூட இருக்கும். சூரியனின் மேல் விளிம்பு தெரிந்தவுடனேயே உதயம் என்று கணக்கு, போதாததற்குக் காற்று மண்டலம் ஒளியை வளைத்து அதை முன்னதாகவே தூக்கிக் காட்டுகிறது. பகலும் இரவும் உண்மையில் சமமாவது மார்ச் 10 வாக்கிலும் அக்டோபர் தொடக்கத்திலும். விருப்பமிருந்தால் அவற்றையும் சேருங்கள்.

பஞ்சாங்கத்தையும் விடாதீர்கள்

கேலண்டரைப் பகிர்ந்ததும் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "உத்தராயணம் தை ஒண்ணுதானே, நீ என்னப்பா டிசம்பர்ல போட்டிருக்க?" என்பதுதான். உத்தராயணம் என்றால் சூரியன் வடக்கே திரும்புவது, அது டிசம்பர் கதிர்த் திருப்பம்தான். ஆனால் பூமியின் அச்சு மெதுவாகத் தலைசுற்றுவதால் கதிர்த் திருப்பத்துக்கும் நட்சத்திரங்களுக்கும் இடையே ஏறக்குறைய 72 ஆண்டுக்கு ஒரு டிகிரி விலகல் ஏற்படுகிறது. பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடுவதால் இப்போது இடைவெளி 24 டிகிரி வரை வந்துவிட்டது. எனவே நம் நான்கு நாள்களுக்கும் பஞ்சாங்கத்தில் இணையான தை 1, சித்திரை 1, ஆடி 1, ஐப்பசி 1 நான்கையும் வேறு நிறத்தில் ஆல் டே நிகழ்வாகவே போடுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சண்டை வராது.

பகிர்வது

கேலண்டர் பெயர் பக்கத்து மூன்று புள்ளி, அப்புறம் "செட்டிங்ஸ் அண்ட் ஷேரிங்". அங்கே ஆட்களின் மின்னஞ்சலைச் சேர்க்கும்போது உரிமையைக் கவனியுங்கள். "சீ ஆல் ஈவென்ட் டீடெய்ல்ஸ்" பெரும்பாலானவர்களுக்குப் போதும். நிழல் அளக்கப்போகும் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் மாற்றும் உரிமை கொடுங்கள், அவர்கள் அளவை அந்த நிகழ்வின் டிஸ்கிரிப்ஷனிலேயே எழுதிவிடலாம். பப்ளிக் ஆக்க வேண்டாம், வீட்டு மாடி விவரமெல்லாம் அதில் இருக்கப்போகிறது.

அழைப்பு மெயிலில் உள்ள லிங்க்கைத் தொட்டால்தான் கேலண்டர் அவர்கள் பக்கம் சேரும், இதை வாட்ஸ்அப்பில் தனியாகச் சொல்லிவிடுங்கள். நீங்கள் வைத்த அலர்ட் அவர்களுக்கு அடிக்காது, அவரவர் போனில் அவரவர்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, நவம்பர் கடைசி வாரத்தில் "அடுத்த ஆண்டு நேரங்களை ஏற்றவும்" என்று ஒரு நிகழ்வு. இதற்கு மட்டும் தாராளமாக ரிப்பீட் கொடுக்கலாம்.