சோடியாக அஞ்சல் முறையில் சைக்கிள் ஓடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு விடியற்காலை, யாழ்ப்பாணத்தில் கடலின் குறுக்கே போகும் பண்ணைத் தாம்போதியில் ஒரு இளஞ்சோடி பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது. கணவர் சைக்கிளில், மனைவி பின்னால் வந்த வானில். அந்தப் பிள்ளை ஜன்னலால் பாதி உடம்பை வெளியே நீட்டி, "தண்ணி வேணுமோ, காத்துக் கூடவோ, களைச்சிட்டீங்களோ" என்று மண்டைதீவுச் சந்தி வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள். அவர் இறங்கியதும் சைக்கிளில் ஏற வேண்டியவள் அவள். வானை மறித்துக் கொஞ்ச நேரம் கதைத்தேன். சொல்ல இருந்ததில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நானும் இவரும் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்குப் போய்த் திரும்பும் போட்டியை மூன்று முறை ஓடியிருக்கிறோம். ஏ9 வீதி ஒரு பக்கம் 321 கிலோமீற்றர், போக வர 642. மாறி மாறி ஒருவர் ஓட, மற்றவர் வானில். ரயருக்குக் காற்றுப் பார்ப்பது, பிறேக் பார்ப்பது, ஹெல்மெற் போடுவது எல்லாம் இங்கே எழுதவில்லை. பெற்றோல் இல்லாத 90களைச் சைக்கிளிலேயே கடந்த ஊர் இது. அதெல்லாம் வீட்டிலேயே படிப்பிப்பார்கள்.

கிலோமீற்றரால் பிரிப்பது

ஆளுக்கு 25 கிலோமீற்றர் என்று பிரித்தால் நியாயம் போலத் தெரியும். ஆடி, ஆவணியில் சோளகம் வீசும்போது அது நியாயமில்லை. தென்மேற்கிலிருந்து வரும் காற்று, தெற்கே போகிறவரின் முகத்தில் அடிக்கும். ஆனையிறவில் இரண்டு பக்கமும் வெட்டவெளியும் உப்புத் தண்ணீரும்தான், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அங்கே அகப்பட்டவருக்கு அந்த 25 கிலோமீற்றர் ஒன்றேகால் மணித்தியாலம் எடுக்கும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ள, மற்றவர் முக்கால் மணித்தியாலத்தில் முடித்துவிடுவார். நேரத்தால் பிரியுங்கள்.

தம்புள்ளைக்கு அப்பால் மாத்தளைப் பக்கம் ஏற்றம் தொடங்கும். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர். நமக்கு ஏறிப் பழக மலை இல்லை. சோளகத்துக்கு எதிராகப் புங்குடுதீவுத் தாம்போதியில் ஓடிப் பழகிய கால்கள் அந்த ஏற்றத்தைத் தாங்கும்.

ஒரே சைக்கிளை இருவரும் ஓடுவது

வேண்டாம். இருக்கையை ஏற்றி இறக்க நேரமும் போகும், முழங்காலும் போகும்.

ஓய்வில் இருப்பவர் ஓய்வெடுக்காமல் இருப்பது

அந்தப் பிள்ளையை மறித்தது இதற்காகத்தான். நினைத்தால் இப்பவும் எனக்கு எரிச்சல் வரும்.

சிநேகிதர்கள் இரண்டு பேர் ஓடினால், இறங்கியவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். கணவன் மனைவி படுக்கமாட்டார்கள். முதல் முறை ஓடியபோது நான் ஒரு நிமிடம்கூடப் படுக்கவில்லை. இவர் ஓட, நான் தேசிக்காயும் உப்பும் கரைத்தேன், தோடம்பழம் உரித்தேன், பின் லைற் எரிகிறதா என்று பார்த்தேன், செயின் சத்தம் மாறுகிறதா என்று காது கொடுத்தேன். "நீர் படும், நான் நல்லாத்தான் இருக்கிறன்" என்று இவர் இரண்டு மூன்று தரம் சொன்னார். ஓம் என்றேன், கண்ணை மூடவில்லை. பகல் முழுக்க ஒன்றும் தெரியவில்லை. கண்டியில் திரும்பும்போதுகூட உற்சாகமாகத்தான் இருந்தேன்.

வவுனியாவைத் தாண்டும்போது இரவு இரண்டு மணி, என் முறை. ஓமந்தைக்கு அப்பால் வீதியோரத்து வெள்ளைக் கோடு மட்டும் லைற் வெளிச்சத்தில் வந்துகொண்டிருந்தது. பிறகு அது இரண்டு கோடாகியது. அதற்குப் பிறகு நினைவில் இருப்பது முன்சில்லுக்குக் கீழே கிரவல் சரசரத்த சத்தமும், பின்னால் வான் அடித்த ஹோனும்தான். திடுக்கிட்டுக் கைப்பிடியைத் திருப்ப, சில்லு தார் விளிம்பில் தடக்கியது. இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு கிழமை கையில் கட்டு. இவர் ஓடிவந்து, "இஞ்சாரும், கையை அசைக்காதேயும்" என்று சொன்ன குரலை நான் மறக்கவில்லை. எங்கள் போட்டி அந்த இடத்திலேயே முடிந்தது.

அடுத்த வருடம் அதே தவறை இவர் செய்தார். என் கை நோகுமோ என்ற பயத்தில் இரவிரவாக ஜன்னலோரம் இருந்தார். மாங்குளத்தில் அவர் முறை வந்தபோது வானை விட்டு இறங்கி நேரே நிற்க முடியவில்லை. நேரம் கடந்துதான் முடித்தோம். அன்பினால்தான் இதைச் செய்கிறோம். ஆனால் விடியப்புறம் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் உடம்பு நித்திரையைத்தான் கேட்கும். பகலில் விட்ட ஓய்வை அந்த நேரத்தில் எத்தனை தேத்தண்ணீர் குடித்தாலும் ஈடு செய்ய முடியாது.

மூன்றாவது முறை திட்டத்தை முழுக்க மாற்றினோம். பகலில் ஆளுக்கு 40 நிமிட முறை, அப்போதுதான் வேகம் குறையாது. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு இரண்டு மணித்தியால முறை. ஒரு நித்திரைச் சுற்று ஏறத்தாழ 90 நிமிடம். ஆழ்ந்த நித்திரையில் பாதியில் எழுப்பினால் கால் மணித்தியாலமோ அரை மணித்தியாலமோ மூளை மந்தமாக இருக்கும். இரண்டு மணித்தியாலம் கையில் இருந்தால் சாப்பிட்டு உடம்பு துடைக்கக் கால் மணித்தியாலம், ஒரு முழு நித்திரை, எழும்பித் தெளியக் கால் மணித்தியாலம். ஒரு மணித்தியால முறையில் இது நடக்காது, படுத்து ஆற முதலே எழுப்பிவிடுவார்கள்.

சாரதியைத் தவிர இன்னொருவர் கட்டாயம் வேண்டும். எங்களுக்கு என் தம்பி வந்தான். போத்தல், சாப்பாடு, லைற் எல்லாம் அவன் பொறுப்பு. வானின் பின் இருக்கையைக் கழற்றிப் பாய் விரித்து, ஜன்னலுக்குக் கறுத்தத் துணி கட்டினோம். துணிக்குப் பின்னால் போனவர் எதையும் கேட்கக்கூடாது, கேட்டாலும் தம்பி பதில் சொல்லக்கூடாது என்று மூவரும் பேசி வைத்தோம். முதல் தரம் எனக்குப் படுக்கவே முடியாமல் இருந்தது. அப்புறம் தம்பி காலைத் தட்டி, "அக்கா, அத்தான் நல்லா வாறார், எழும்புங்கோ" என்றபோதுதான் நித்திரை கொண்டிருக்கிறேன் என்பதே தெரிந்தது. அன்று ஓமந்தையை நான் கண் தெளிந்து தாண்டினேன்.

சாப்பாடு

பயிற்சியில் சாப்பிடாத எதையும் அன்று வாயில் வைக்காதீர்கள். வன்னி வெயிலில் வியர்வையோடு உப்பும் போகும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. உப்புப் போட்ட மோர், ஒரு துண்டு பனங்கட்டி எங்களுக்குச் சரிவந்தது.

வழியில் சண்டை

வீட்டுக்கு வந்து பிடியுங்கள்.

இரவிலும் ஓடிக்கொண்டே மாறுவது

பகலில் வருகிறவரின் முன்சில்லு போகிறவரின் சைக்கிளோடு ஒட்டி வந்ததும் மாறலாம், விதி அனுமதித்தால். இரவில் இருவரும் நின்று, காலை நிலத்தில் ஊன்றித்தான் மாற வேண்டும். வளைவில் மாறாதீர்கள். வன்னியில் கட்டாக்காலி மாடுகள் இரவில் தார் வீதியின் சூட்டுக்கு வந்து படுத்திருக்கும். உங்களைப் பார்த்துப் படுத்திருந்தால் கண் மின்னும். முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் கறுத்த மாடு பத்தடிக்குக் கிட்ட வரும் வரைக்கும் தெரியாது. வான் சைக்கிளுக்கு நேர் பின்னால் வந்தால் உங்கள் நிழலே முன்னால் விழுந்து அதை மறைத்துவிடும். சாரதியைக் கொஞ்சம் வலப்பக்கம் விலகி வரச் சொல்லுங்கள்.