நாய் உள்ள வீட்டில் ரோஜா வளர்க்கும் முறை

நாய் வளர்க்கும் வீட்டில் ரோஜாவைத் தாராளமாக வைக்கலாம். பன்னீர் ரோஜாவோ ஒட்டு ரோஜாவோ, அதன் இதழிலும் இலையிலும் தண்டிலும் நாய்க்கு நஞ்சாகும் பொருள் இல்லை. மருந்து தெளிக்காத பூக்கள் சிலவற்றை நாய் மென்று விழுங்கிவிட்டால், மிஞ்சிப்போனால் ஒருமுறை வாந்தி எடுக்கும் அல்லது வயிறு சற்று இளகும். நாம் அஞ்ச வேண்டியது பெரும்பாலும் அந்தச் செடியின் தூரில் நாமே கொண்டுபோய்க் கொட்டுபவற்றுக்குத்தான்.

அவற்றில் முதலில் விலக்க வேண்டியது ஆமணக்குப் புண்ணாக்கு. எண்ணெய் ஆட்டியபின் எஞ்சும் அந்தச் சக்கையில் ரிசின் என்னும் கடும் நஞ்சு தங்கிவிடுகிறது. நன்கு சூடேற்றிப் பதப்படுத்தினால் அதன் வீரியம் குறையும் என்றாலும், கடையில் நிறுத்துத் தரும் புண்ணாக்கு எவ்வளவு சூடு கண்டது என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. அதை நாய் விரும்பித் தின்னும். தின்ற சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் வாந்தியும் இரத்தம் கலந்த கழிச்சலும் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். எலும்புத் தூள் நஞ்சன்று. ஆனால் நாய் அதைத் தேடித் தோண்டும், நிறையத் தின்றால் வயிற்றில் கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்ளும். ஆகவே நன்கு மக்கிய தொழு உரத்தையோ மண்புழு உரத்தையோ இட்டு, மண்ணைக் கிளறி மூடிவிடுவதே நல்லது.

சமையலறைக் கழிவை நேராகத் தொட்டியில் போடும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். வெங்காயமும் அதன் தோலும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. ஈறு வெளிறுவதும் சிறுநீர் செம்மையேறுவதும் சில நாள் கழித்தே தெரியும் என்பதால், காரணம் எதுவென்று வீட்டாருக்கு நினைவுக்கு வராமலே போகக்கூடும். வடித்தெடுத்த தேயிலையிலும் காப்பித் தூளிலும்கூடக் காஃபீன் மிச்சம் இருக்கும். இவற்றை மூடியுள்ள வாளியில் முழுவதும் மக்கவிட்டபின் பயன்படுத்துங்கள்.

கார்போபியூரான் போன்ற குருணைப் பூச்சிமருந்தையும், நத்தையைக் கொல்ல வைக்கும் மெட்டல்டிஹைடு வில்லைகளையும் நாய் நடமாடும் தோட்டத்தில் பயன்படுத்தவே கூடாது என்பது என் கருத்து. அசுவினி என்னும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி வந்தால் வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளித்து, இலை காயும்வரை நாயைக் கட்டி வைத்தால் போதும்.

ரோஜாவால் நேரே வரும் தொல்லை முள் ஒன்றுதான். கவாத்து செய்த அன்றே வெட்டிய குச்சிகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிவிடுங்கள். நாய் நொண்டினாலோ ஒரே பாதத்தை ஓயாமல் நக்கினாலோ, விரலிடுக்கை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். வீங்கிச் சிவந்த தோலின் நடுவே முள்முனை கரும்புள்ளியாகத் தெரியும். மேலோடு இருப்பதை இடுக்கியால் குத்திய வாக்கிலேயே இழுத்தெடுத்து, உப்புநீரில் கழுவலாம். ஆழத்தில் முறிந்திருந்தாலோ கண்ணில் குத்தியிருந்தாலோ கை வைக்காமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது. டேபிள் ரோஸ் என்று விற்கும் பத்துமணிப் பூச்செடியிலுள்ள ஆக்சலேட் உப்புகள் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியவை. பாலைவன ரோஜா எனப்படும் அடீனியம் இதயத்தைப் பாதிக்கும். நாய்க்காக ரோஜாவை ஒதுக்கிவிட்டு, அடீனியத்தைப் போலவே இதயத்தைத் தாக்கும் அரளியை வாசலில் நட்டு வைப்பதில் பொருளே இல்லை.

நாய் புண்ணாக்கையோ மருந்தையோ தின்றதாக ஐயம் எழுந்தால், குறி தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எச்சில் வடிதல், நடுக்கம், மூச்சுத் திணறல் ஆகியவை பூச்சிமருந்தின் அறிகுறிகள். உப்புநீர் புகட்டி வாந்தி எடுக்க வைப்பது வேறொரு நஞ்சைக் கொடுப்பதற்குச் சமம். வாயில் ஒட்டியதைத் துடைத்து, மருந்துப் பொட்டலத்தையோ மீந்த புண்ணாக்கையோ கையோடு எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள்.