ஆற்றுக் கெண்டைக்குத் தூண்டில் போடுவது எப்படி?

தூண்டில் பழகுகிறவர்களிடம் எந்த மீன் மேல் கண் என்று கேட்டுப் பாருங்கள். விரால், ட்ரவுட், மஷீர் என்று அடுக்குவார்கள். கெண்டையைச் சொல்ல ஆளிருக்காது. சேற்றைக் கிளறும் மந்தமான மீன் என்று அதற்கு ஒரு கெட்ட பெயர். ஓடும் ஆற்றில் மூன்று கிலோ கெண்டை தூண்டில் நரம்பை உருவிக்கொண்டு போவதை ஒருமுறை கையில் உணர்ந்தவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

இங்கே கெண்டை என்பது காமன் கார்ப். வாயோரம் இரண்டு ஜோடி மீசை, முதுகில் நீண்ட துடுப்பு, தரையில் மேயும் பழக்கம். கட்லாவும் இதே குடும்பம்தான், ஆனால் அது மேல்மட்டத்தில் மேய்வது. அதனால் இந்த முறை அதற்குச் சரிவராது.

முதலில் இடம், அப்புறம்தான் தூண்டில்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, வந்த வேகத்தில் வசதியான இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடுவது. அரை மணி நேரம் கையில் எதுவும் இல்லாமல் கரையோரம் நடங்கள். கெண்டை நட்ட நடு ஓட்டத்தில் நின்று வீணாக மல்லுக்கட்டாது; ஆனால் அதற்கான தீனி ஓட்டத்தில்தான் வருகிறது. எனவே வேகத் தண்ணீரும் மெதுவான தண்ணீரும் உரசும் விளிம்பில் அதைத் தேடுங்கள். ஆற்று வளைவின் உட்புறம், சாய்ந்து கிடக்கும் மரத்தின் பின்புறம், பாலத் தூணுக்கு ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் எல்லாம் நல்ல இடங்கள்.

குமிழிகளையும் கவனியுங்கள். ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் சேற்றிலிருந்து கிளம்பும் வாயு. குமிழி வரிசை மெல்ல நகர்ந்தால் கீழே ஏதோ மேய்கிறது என்று பொருள். தெளிந்த தண்ணீரில் ஓரிடம் மட்டும் கலங்கியிருந்தால் இன்னும் நல்லது.

சத்தம் போடாதீர்கள். கெண்டையின் காற்றுப்பையைச் சின்னச் சின்ன எலும்புகள் உட்காதோடு இணைக்கின்றன, அதனால் அதற்குக் காது கூர்மை. கரையில் தொம் தொம் என்று நடந்தால், தூண்டில் போடுவதற்கு முன்பே இடம் காலி.

சாமான்கள்

விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம். நன்றாக வளைந்து கொடுக்கும் நடுத்தர ராடு (தூண்டில் கோல்), டிராக் (மீன் இழுத்தால் நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிடி) சீராக வேலை செய்யும் ரீல், 5 கிலோ தாங்கும் நரம்பு, 6 அல்லது 8 எண் முள். ஈயம் தட்டையாக இருக்கட்டும், உருண்டை என்றால் ஓட்டத்தில் உருண்டு போய்விடும். ஓட்டத்தைப் பொறுத்து 30 முதல் 60 கிராம் வரை போடலாம்.

கோர்க்கும் முறை இதுதான்: முதலில் ஈயம், அடுத்து ஒரு பாசிமணி, பிறகு ஸ்விவலை (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் சின்ன வளையம்) கட்டுங்கள். ஸ்விவலின் மறுபக்கம் ஒரு சாண் நரம்பு, அதன் நுனியில் முள். ஈயம் நரம்பில் தடையில்லாமல் ஓட வேண்டும். ஒருவேளை நரம்பு அறுந்தாலும் மீன் ஈயத்தை இழுத்துக்கொண்டு திரியாது.

இரை

மக்காச்சோளம் போதும். காய்ந்த சோளத்தை ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, அரை மணி நேரமாவது வேகவையுங்கள். அரைகுறையாக வெந்தது மீனின் வயிற்றுக்குள் ஊதி அதற்குக் கேடு செய்யும். வயிறு என்று பேச்சுக்குச் சொன்னேன். உண்மையில் கெண்டைக்கு இரைப்பை கிடையாது, குடல் மட்டும்தான். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தின்னும். ஆகவே நான்கைந்து கைப்பிடி தூவினால் போதும், கொட்டிக் குவிக்க வேண்டாம். தூவிய சோளத்தை ஓட்டம் கொஞ்சம் கீழே கொண்டுபோகும் என்பதால், அந்த அளவுக்கு மேல்பக்கமாகத் தூவுங்கள்.

கெண்டையின் தாடையில் பல் இல்லை. அரைக்கும் பற்கள் தொண்டையில் இருக்கின்றன. எதையும் உறிஞ்சிப் பார்த்து, சந்தேகம் வந்தால் துப்பிவிடும். இதற்காகவே வந்தது ஹேர் ரிக்: இரையை முள்ளில் குத்தாமல், முள்ளின் வளைவுக்குக் கீழே மெல்லிய நூலில் தொங்கவிடுவது. நூலில் இரண்டு சோளம் கோர்த்தால், துப்பும்போது வெறும் முள் உதட்டில் ஏறிவிடும். கட்டப் பழகும் வரை முள்ளிலேயே குத்திப் போடுங்கள், தவறில்லை.

இரை எடுத்ததும்

காத்திருக்கும்போது டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். இதை நான் கற்றது ஒரு ராடைத் தொலைத்துத்தான். நாற்காலியை நிழலுக்கு நகர்த்தப் போன அரை நிமிடத்தில் அது ஆற்றுக்குள் போய்விட்டது.

ராடின் நுனி லேசாகத் துடித்தால் கையை வைக்காதீர்கள். நரம்பு நிற்காமல் ஓடினால் ராடைத் தூக்கி, டிராக்கை மெல்ல இறுக்குங்கள். ஹேர் ரிக் என்றால் சுண்டி இழுக்கவே வேண்டாம்.

முதல் ஓட்டத்தைத் தடுக்க நினைக்காதீர்கள், ஓடட்டும். அது மரவேரை நோக்கிப் போனால் மட்டும் ராடைப் பக்கவாட்டில் சாய்த்துத் திருப்புங்கள். முடிந்தால் மீனுக்குக் கீழ்ப்பக்கம் நடந்து போய் நில்லுங்கள். அப்போது அது உங்களோடு சேர்த்து ஆற்றையும் எதிர்த்து இழுக்க வேண்டிவரும். மேல்பக்கம் நின்றால் ஓட்டம் அதன் கட்சியில் சேர்ந்துவிடும். கரைக்கு அருகே வந்த பிறகுதான் கடைசி வெறி வரும். நிறைய பேர் மீனை விடுவது அங்கேதான். கைவலையை முன்பே தண்ணீருக்குள் வைத்து, மீனை அதன்மேல் கொண்டுவாருங்கள், வலையால் மீனைத் துரத்தாதீர்கள்.

பிடித்த பிறகு

கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள், காய்ந்த கை அதன் வழவழப்பை உரித்துவிடும். விடுவதா வைத்துக்கொள்வதா என்பது ஊர்ச் சட்டத்தைப் பொறுத்தது. ஆஸ்திரேலியாவின் சில மாநிலங்களில் அன்னிய மீன் என்பதால் உயிரோடு திருப்பி விடுவதே குற்றம். விடலாம் என்றால், தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதுவாக வாலை உதறும் வரை காத்திருங்கள்.

மறுபடி வீசுவதற்கு முன் முள்ளுக்கு மேலே உள்ள நரம்பை விரலால் நீவிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.