ஏடிஎம்மில் பணம் வரவில்லையா, தப்பான கணக்குக்குப் போய்விட்டதா? எழுதிக் கொடுங்கள்

ஒட்டன்சத்திரத்தில் வங்கி இருக்கிற தெருவிலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சலான் நிரப்புவது, பாஸ்புக்கைப் படித்துச் சொல்வது, வங்கிக்கு மனு எழுதுவது எல்லாம் இங்கே நடக்கும். மாதம் 15ஆம் தேதியை ஒட்டி உரிமைத் தொகை எடுக்க வருகிற பெண்களில் யாராவது ஒருத்தர், "பாப்பா, மிஷின்ல காசு வரலை, ஆனா கழிச்சதா மெசேஜ் வந்திருக்கு" என்று போனை நீட்டுவார். ஆயிரம் ரூபாய்தான். அவருக்கு அது அந்த மாதத்து மருந்துச் செலவு. வங்கிக்குள் போனால் "தானா வந்துரும், போங்க" என்பார்கள். பெரும்பாலும் வந்தும் விடும். வராமல் போனால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், மிஷின் முன்னால் நிற்கும்போதே செய்ய வேண்டியது. திரை பழையபடி தொடக்கத்துக்கு வரும்வரை நகராதீர்கள். சீட்டு வந்தால் கசக்கிப் போடாதீர்கள். வரவில்லை என்றால் மிஷின் மேலோ சுவரிலோ ஒட்டியிருக்கும் ஏடிஎம் எண்ணைப் போட்டோ எடுங்கள். மெசேஜை அழிக்க வேண்டாம். தேதி, நேரம், தொகை, ஏடிஎம் எண் இந்த நான்கும் இருந்தால் போதும். கேட்டது முழுசாக வராமல் பாதிதான் வந்தது என்றால், அங்கேயே கேமராவுக்கு நேராக நின்று எண்ணுங்கள்.

புகார் கொடுக்க வேண்டியது உங்கள் கார்டைக் கொடுத்த வங்கியில். மிஷின் யாருடையது என்பது உங்கள் கவலை இல்லை. "அது எங்க ஏடிஎம் இல்லை, அந்த பேங்குல கேளுங்க" என்று திருப்பி அனுப்பினால் போகாதீர்கள். மிஷின்காரரிடம் கேட்டு வாங்குவது உங்கள் வங்கியின் வேலை.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை போட்டது. அந்த அக்டோபர் 15 முதல் அதுதான் நடைமுறை. கணக்கில் கழிந்து பணம் வராமல் போனால், அந்த நாளிலிருந்து 5 நாளுக்குள் வங்கியே திருப்பி வரவு வைக்க வேண்டும். 10ஆம் தேதி எடுத்திருந்தால் 15ஆம் தேதிக்குள். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் சேர்த்துத் தர வேண்டும், அதுவும் வாடிக்கையாளர் கேட்காமலே. ஆனாலும் நான் எழுதும் மனுவில் அந்த வரியை விடுவதே இல்லை:

"…தேதி … மணிக்கு … எண் ஏடிஎம்மில் ரூ.1,000 எடுக்க முயன்றேன். பணம் வரவில்லை, கணக்கில் கழிந்துள்ளது. அசலையும், ரிசர்வ் வங்கியின் 20.09.2019 சுற்றறிக்கைப்படி தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 இழப்பீட்டையும் வரவு வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். மறுப்பதாக இருந்தால் மிஷினின் பதிவு, அன்றைய பண இருப்புக் கணக்கு, கேமரா பதிவு ஆகியவற்றைப் பார்த்து எழுத்தில் பதில் தரவும்."

இரண்டு நகல் எடுங்கள். ஒன்றில் வங்கியின் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட மாட்டோம் என்றால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பலாம், அல்லது வங்கியின் ஆப்பிலேயே புகார் பதிந்து புகார் எண்ணை எழுதி வைக்கலாம். வாயால் சொன்னதற்கு நாளைக்குச் சாட்சி இல்லை.

மிஷினில் பணம் நிரப்பும்போது உள்ளே இருப்பதை எண்ணி, மிஷின் எழுதி வைத்த கணக்கோடு ஒப்பிடுவார்கள். வெளியே வராத உங்கள் பணம் அங்கே அதிகப்படியாக நிற்கும். ஆகவே நீங்கள் சலுகை கேட்கவில்லை, உங்கள் பணத்தைத்தான் கேட்கிறீர்கள். குனிந்து நிற்க வேண்டாம்.

ஜிபே, போன்பே போன்ற யுபிஐயில் ஒருவருக்கு அனுப்பியது அவருக்குப் போகாமல் நின்றால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குக் கட்டியது என்றால் 5 நாள். தாமதத்துக்கு இங்கேயும் நாளுக்கு 100 ரூபாய். ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். புகாருக்கு அதுதான் ஆதாரம்.

தப்பான ஆளுக்கு நீங்களே அனுப்பிவிட்டது வேறு விஷயம். மேலே சொன்ன விதி இதற்குப் பொருந்தாது, ஏனென்றால் மிஷின் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. எங்கள் மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர்கள் தக்காளிக்காரர் பணத்தை அதே பெயருள்ள வெங்காயக்காரருக்குப் போட்டுவிடுவது சகஜம். தெரிந்த ஆள் என்றால் ஒரு போனில் முடியும். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறி முகம் தெரியாதவருக்குப் போனால்தான் சிக்கல். அன்றைக்கே உங்கள் வங்கியில் மனு கொடுங்கள். அவர்கள் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கு எழுதுவார்கள். அந்த வங்கி தன் வாடிக்கையாளரின் சம்மதம் கேட்கும். சம்மதம் இல்லாமல் அவர் கணக்கிலிருந்து எடுத்துத் தர முடியாது. அவர் பெயர், போன் எண்ணை உங்களிடம் தரவும் மாட்டார்கள். இதில் கோபப்பட்டுப் பயனில்லை.

அவர் தர மறுத்தால் சட்டம் உங்கள் பக்கம். தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 72ஆம் பிரிவு சொல்கிறது. அடுத்தவர் பொருளை நேர்மையில்லாமல் தனதாக்கிக்கொள்வது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 314ஆம் பிரிவில் குற்றம். வக்கீல் நோட்டீஸில் இந்த இரண்டும் இருக்கட்டும். ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முறையில் பணம் அனுப்புமுன் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பெயரைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

வங்கிக்குப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் தள்ளிப்போடாமல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். சிஎம்எஸ் என்ற ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்தில் பதியலாம். முடியாதவர்கள் சண்டிகர் செக்டர் 17, ரிசர்வ் வங்கி, 160017 என்ற முகவரிக்குத் தபாலில் அனுப்பலாம். விவரம் கேட்க 14448. அந்தச் சீல் போட்ட நகல் இங்கேதான் உதவும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வங்கியின் கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடிக் கூப்பிடாதீர்கள். காசு போன பதற்றத்தில் இருப்பவரைப் பிடிக்கவே போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்தான் சரி. பணம் திருப்பித் தர யாருக்கும் உங்கள் ஓடிபியோ பின் நம்பரோ தேவையில்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள்.

அதேபோல உங்கள் கணக்கில் தெரியாத பணம் வந்து, "தப்பா போட்டுட்டேன், இந்த நம்பருக்கு அனுப்புங்க" என்று யாராவது அழைத்தால், நீங்களாக அனுப்பாதீர்கள். செலவும் செய்யாதீர்கள். உங்கள் கிளையில் எழுதிக் கொடுத்து, வந்த கணக்குக்கே திரும்ப அனுப்பச் சொல்லுங்கள்.